கால் வேகம்

அயனாவரத்தில் ஒரு கல்யாண மண்டபம்.
மணமக்கள் நாற்காலி இரண்டையும்
பந்திக்கூடத்துப் பக்கம் தள்ளிவிட்டு
நடுவில் கம்பிவலைக் கூண்டு போட்டிருந்தார்கள்.
சுவரில் முந்தாநாள் தெர்மாகோல் எழுத்து,
மாப்பிள்ளை பெயரில் பாதி உதிர்ந்து.
சாம்பார் வாசனை இன்னும் போகவில்லை.
அங்கேதான் பெனினா என்னை அடித்தாள்.

ஐம்பத்தாறு கிலோ.
டூட்டி முடிந்து காக்கிச் சட்டையோடு
எடை பார்க்க வந்தவள்.
சட்டையைக் கழற்றி மடிக்கும்போது
பையிலிருந்து சில்லறை சிதறி ஓடியது.
குனிந்து பொறுக்கினாள், ஒவ்வொன்றாக,
தராசுக்கு அடியில் போனதையும்.
நான் சிரித்ததாக ஞாபகம்.

ஈரலில் விழும் உதை உடனே வலிக்காது.
முதலில் ஒன்றுமே இல்லை.
‘இவ்வளவுதானா’ என்று நினைக்க
நேரம் கிடைக்கும், முழு வாக்கியமாக.
பிறகு
என் முழங்கால்கள் என்னைக் கேட்காமல் உட்கார்ந்தன.
நான் மட்டும் மேலே எங்கேயோ
இன்னும் நின்றுகொண்டிருந்தேன்.

மூன்று வாரமாய் அந்த வீடியோவைப் பார்க்கிறேன்.
மருந்துக்கடையில் ஆள் வராத மத்தியானங்களில்
கல்லாவுக்குக் கீழே போனைச் சாய்த்து வைத்து,
கால் வேகத்தில்.
இரண்டாம் சுற்று, ஒன்று நாற்பது.

வால்டாக்ஸ் ரோடு ஜிம்மில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.
இடுப்பைத் திருப்புகிற அழகு என்கிறான் தௌஃபீக்.
காசிமேட்டு உடம்பு, மீன் தின்ற எலும்பு
என்கிறான் இன்னொருவன்
(அவள் வீடு கொரட்டூர்).
வேகம் என்கிறார்கள்.
வேகத்துக்கு என்னைப் பாருங்கள்,
அவள் ஒன்று அடிப்பதற்குள் நான் நான்கு:
ஒன்று கையுறையில், ஒன்று தோளில், ஒன்று காற்றில்.
நான்காவது எங்கே போனதென்று
வீடியோவுக்கே தெரியவில்லை.

அடிக்கப்போகிறவர்கள் மூச்சை இழுப்பார்கள்.
கண் கொஞ்சம் சுருங்கும்.
தோள் கோள்மூட்டிவிடும்.
அவள் முகத்தில்
மதியம் என்ன சாப்பிட்டாள் என்பதுகூட இல்லை.

நேற்றுதான் தட்டுப்பட்டது,
அவளைப் பார்ப்பதை விட்டு என்னைப் பார்த்தபோது.
ஒவ்வொரு ஜாப் போடுமுன்பும்
என் வலது முழங்கை விலாவை விட்டு
நான்கு விரல் எழும்புகிறது,
மாத்திரை அட்டையைக் கத்தரிக்கும்போது எழும்புமே
அதே மாதிரி.
பதினோரு முறை.
பத்து முறை அவள் சும்மா இருக்கிறாள்.
சில்லறை பொறுக்கிய அதே பொறுமை.
பதினோராவது முறை
முழங்கை அசையவே இல்லை, அதற்குள்
அவள் இடது கால் தரையில் இல்லை.
சாத்தியிருந்த கதவை நோக்கிக் கிளம்பி வந்தது அது.
வந்து சேரும்போது
நான் திறந்து வைத்திருந்தேன்.

ஆவடிக்காரியோடு அவள் மோதியதும் போனில் இருக்கிறது.
அதில் இந்த உதையே கிடையாது.
அங்கே வேறொரு பெனினா, குட்டையாய், கனமாய்,
முழங்காலால் மட்டும்.
ஆவடிக்காரிக்குத் தலையைக் குனிந்து நுழைகிற பழக்கம்.

அவளுடைய பாணி என்ன என்று
இனி யாராவது கேட்டால்
என் முழங்கையைக் காட்டுவேன்.

இன்று காலை பெரம்பூரில் பஸ் ஏறினேன்,
முகத்தில் ரோஸ் பெயின்ட் அடித்த பஸ்.
காசில்லாச் சீட்டைக் கிழித்து நீட்டிய கையில்
முட்டியெல்லாம் காய்ந்த தோல்.
என்னைத் தெரிந்ததா, தெரியாது.
கம்பியைப் பிடிக்காமல் நின்றாள்.
பிரேக் விழும்போதெல்லாம் பஸ்ஸே முன்னால் சாய,
அவள் அரை நொடி முந்தி
சாய்ந்து முடித்திருந்தாள்.

ஓட்டேரி வரப்போகிறது.
முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்துக்கொண்டேன்.
எழுந்திருக்கலாம் என்று நினைத்தேன்,
நினைத்ததோடு சரி.

விசில்.